தென்துருவத்தில் காற்று எந்தப் பக்கம்?

வானிலை பார்க்கிற உத்தியோகத்தில் ஒரு சங்கடம் உண்டு. சரியாகச் சொன்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது, தப்பாகச் சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று அடுத்தவருக்குச் சொல்லிப் பிழைக்கிற டாக்டர், ஜோசியர், பரீட்சைக்கு எது வரும் என்று கேட்கப்படுகிற வாத்தியார் எல்லாருக்கும் இந்த வலி தெரியும். உங்களில் யாராவது அந்த ரகமாக இருந்தால் நான் சொல்லப் போவது சுலபமாகப் புரியும்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து பல வருடம் நுவரெலியாவில் ஒரு சின்ன வானிலை நிலையத்தில் இருந்தேன். வேலி போட்ட புல்தரை, தெர்மாமீட்டர்கள் தொங்கும் வெள்ளைப் பெட்டி, ஒரு மழைமானி, வெயிலில் அட்டையைச் சுட்டுக் கோடு போடுகிற கண்ணாடி உருண்டை. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். அளவுகளை எடுத்துக் கொழும்புக்குச் சொல்வது என் வேலை. நாளைக்கு மழையா வெயிலா என்று தீர்மானிப்பது கொழும்பின் வேலை. ஆனால் சனங்களுக்கு நான் 'வெதர் சார்'. வெதர் சாருக்கு வெதர் தெரியாது என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

நாற்றுமேடை

ஒரு ஜனவரி மாதம், பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னைத் தேடி வந்தார். புதுத் தேயிலைக் கன்றுகள் நாற்றுமேடையில் நிற்கின்றன, ராத்திரி உறைபனி விழுமா, விழாதா என்று கேட்டார். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. காற்றே இல்லை. விழும் என்றேன். அவர் ஆளெண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தி, கொழுந்து பறித்து வந்த களைப்போடு மானாப்புல் அறுக்கவைத்து, இருட்டும் வரை கன்றுகளை மூடவைத்தார்.

பிறகு எங்கிருந்தோ மேகம் வந்து மூடிக்கொண்டது. காலையில் புல்லில் தண்ணீர்தான் இருந்தது, பனி இல்லை. அந்தப் பெண்கள் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். கணக்கப்பிள்ளை வாசலில் நின்றார். கோபமாக இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்களச் சொல்லிக் குத்தமில்ல தம்பி. நீங்க வானத்தப் பாத்துத்தான் சொன்னீங்க. வானந்தான் உங்கள பாக்கல."

ஸ்டெல்லா டீச்சர்

ஸ்டெல்லா டீச்சர் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர். கணவர் சேவியர் டவுன் பேக்கரியில் பாண் போடுகிறவர். எண்பத்து மூன்று கலவரத்தில் பேக்கரி எரிந்துபோனது. மனிதர் வேலை தேடிக் கொழும்புக்குப் போனார். துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டுக் கப்பலுக்குச் சமையலாள் தேவைப்பட்டது, ஏறிவிட்டார். தென்துருவத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பல் அது என்று பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

ஒரு டிசம்பர் சனிக்கிழமை டீச்சர் என்னைப் பார்க்க வந்தார். "அங்க இப்ப எவ்வளவு குளிருங்க சார்? அவரு ஒரு ஸ்வெட்டர்தான் கொண்டு போனாரு" என்றார். எனக்குத் தெரிந்த துருவம் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பாடம், அவ்வளவுதான். அதை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு விளக்கினேன். நமக்கு மார்கழி என்றால் அங்கே கோடை. இருந்தாலும் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற மாதிரிதான். இந்த மாதத்தில் சூரியன் அடிவானத்தைச் சுற்றிச் சுற்றி வரும், மறையாது, இருட்டே கிடையாது.

டீச்சர் குளிரைப் பற்றி மேலே கேட்கவில்லை. புத்தகத்தில் சூரியன் சுற்றுகிற படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அந்த மனுசன் எப்பங்க சார் தூங்குவாரு?"

கொழும்புக்கு ஒரு போன்

ஜனவரியில் கொழும்பிலிருந்த கப்பல் ஏஜென்ட் தந்தி கொடுத்தார். கரைக்குப் பக்கத்தில் கப்பல் ஐஸுக்குள் மாட்டிக்கொண்டது, எல்லாரும் சுகம் என்று அதில் இருந்தது. டீச்சர் தம்பி ஆரோக்கியத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். என் மேசைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஐஸ் எப்போது விடும் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

என்னிடம் இருந்தது நுவரெலியாப் புல்தரை ஒன்றுதான். கொழும்பில் முன்னறிவிப்புப் பகுதியில் இருந்த சிவபாலனுக்குப் போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், என்னோடு பயிற்சி எடுத்தவர். தெற்கே இருக்கிற நிலையங்களின் அளவுகளைப் பிற நாட்டு ஒலிபரப்புகளில் பிடிக்க முடியும் என்று அவர்தான் ஒருதரம் சொல்லியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மனிதர் அலுத்துக்கொண்டார்.

"இஞ்சை பாரும், கொழும்பிலை நாளைக்கு மழை வருமோ எண்டே எனக்குத் தெரியேல்லை. தென்துருவத்துக்கும் நான்தான் சொல்லவேணுமோ?"

ஆரோக்கியம் கேட்ட உதவி

அப்படிச் சொன்ன சிவபாலன் மறுநாள் தானாகவே கூப்பிட்டார். கப்பல் நின்ற கரைக்குப் பக்கத்து நிலையம் ஒன்றின் அளவுகளைப் பிடித்துவிட்டாராம். காற்றமுக்கம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது என்றார். அங்கே வடக்கு என்றால் கடல், தெற்கு என்றால் தரை. கடலிலிருந்து காற்று வீசினால் மிதக்கிற ஐஸ் முழுக்கக் கரையோடு வந்து அடைத்துக்கொள்ளும். தரையிலிருந்து வீசினால் ஐஸ் விலகிக் கடலுக்குப் போகும், கப்பலும் வெளியே வரும்.

அன்றைக்கு டீச்சருக்கு முன்னாலேயே ஆரோக்கியம் கேட்டுக்குள் ஓடிவந்தான். "அக்கா மூணு நாளா சரியா சாப்பிடல. எப்படி இருந்தாலும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சார்" என்றான். எனக்கும் அப்படிச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. தென்துருவத்துக்குப் போய் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் டீச்சர் வந்து நின்றதும் என்னால் முடியவில்லை. பீலித் தண்ணீர் விழுகிற தொட்டியில் மிதக்கிற சருகை ஊதினால் ஒரு ஓரமாக ஒதுங்குமே, அந்த மாதிரி ஐஸ் கரைப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது, இப்போதைக்குக் காற்று நமக்குச் சாதகமாக இல்லை என்றேன். ஆரோக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறுதல் சொல்ல லயத்து வீடு நிறைய ஆளு இருக்காங்க சார். காத்து எந்தப் பக்கம்னு சொல்லத்தான் நீங்க ஒருத்தர் இருக்கீங்க."

லிந்துலை பஸ்

தோட்டங்களுக்குள் செய்தி எப்படிப் பரவும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கப்பலோடு நேரே பேசுகிறேன் என்றே பல பேர் நம்பினார்கள். மளிகைக் கடையில் பருப்பு வாங்க நின்றால் துருவத்தில் காற்று எப்படி என்று கேட்டார்கள். மாதா கோயில் பூசையில் கப்பலுக்காக ஜெபித்தார்கள். மாரியம்மன் கோயிலிலும் சேவியர் பெயருக்கு அர்ச்சனை நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போக லிந்துலை பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "அங்க இன்னைக்கு எப்படிங்க?" என்றார். பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். புயல் அடிக்கிறது, காற்று இன்னும் கடலிலிருந்துதான் என்றேன். வெளியே நல்ல வெயில், மலை முழுக்கக் கொழுந்து மின்னியது. கண்டக்டர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"இங்க இப்படி அடிச்சு என்னாங்க பிரயோசனம்?"

காற்று திரும்பியது

அடுத்த தந்தி மோசமாக இருந்தது. ஐஸ் நெருக்கிக் கப்பலின் ஒரு பக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது, பாதிப் பேரைச் சாப்பாட்டுச் சாமானோடும் கூடாரத்தோடும் ஐஸ் மேல் இறக்கியிருக்கிறார்கள் என்று வந்தது. அவர்களுக்குச் சமைக்க ஆள் வேண்டுமே, சேவியரும் இறங்கியிருந்தார். கப்பல் மூழ்கினாலும் ஐஸ் தாங்கும் என்று எல்லாரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். நானும்தான்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் சிவபாலன் கூப்பிட்டார். குரலிலேயே தெரிந்தது. அமுக்கம் ஏறுகிறது, காற்று தெற்குக்குத் திரும்பிவிட்டது, நல்ல பலமாகத் தரையிலிருந்து அடிக்கிறது. நான் லீவு போட்டுவிட்டுப் பஸ் பிடித்து டீச்சரின் பாடசாலைக்கே போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல வானிலையைக் கையில் வைத்துக்கொண்டு போகிற சந்தோசம். வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், காத்து திரும்பிருச்சு. ஐஸ் உடைய ஆரம்பிக்கும்" என்றேன். அவர் கையில் இருந்த சோக்கட்டியைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது.

"ஐஸ் உடைஞ்சா கப்பல் வந்திரும் சார். ஐஸ் மேல நிக்கிறவங்க?"

தந்தி வராத நாட்கள்

எனக்கு அது தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. எத்தனையோ நாளாக எல்லாருமாகச் சேர்ந்து தெற்குக் காற்று தெற்குக் காற்று என்று வேண்டிக்கொண்டிருந்தோம். இப்போது அது வந்துவிட்டது, நிறுத்த வழி இல்லை. போன் அடித்தால் ஓடிப்போய் எடுத்தேன். சிவபாலனும் சுருக்கமாகவே பேசினார். காற்று இன்னும் தெற்குதான், வேகம் கூடியிருக்கிறது, கப்பல் பற்றித் தகவல் இல்லை. நான் புல்தரைக்குப் போவேன், தெர்மாமீட்டரைப் பார்ப்பேன், உள்ளே வந்தால் பார்த்த எண் மறந்திருக்கும். திரும்பப் போய்ப் பார்ப்பேன்.

டீச்சர் லீவு எடுக்கவில்லை. பாடசாலை விட்டதும் ஆரோக்கியத்தோடு தபாற்கந்தோர் வாசலுக்குப் போய் நிற்பார். நானும் ஒருநாள் போய்ப் பக்கத்தில் நின்றேன். தபால் மாஸ்டர் சிங்களவர், வயதானவர். எங்களை உள்ளே கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, கஹட்ட கொடுத்தார். அது பால் போடாத சாயத் தேத்தண்ணிதான். டீச்சர் கோப்பையைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. அப்போதுதான் கருவி தட்ட ஆரம்பித்தது. தபால் மாஸ்டர் கேட்டுக்கொண்டே எழுதினார். எழுதி முடிக்கும் முன்பே தலையைத் தூக்கி, அம்மா என்பதற்கு நோனா என்று போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் டீச்சரிடம் சொன்னார்.

"எல்லா ஆளும் கப்பல் உள்ளே நோனா. இப்ப தேத்தண்ணி குடிங்க."

சேவியர்

மழைக்காலம் தொடங்கின பிறகு சேவியர் திரும்பி வந்தார். இடது காலில் இரண்டு விரலைக் குளிர் எடுத்துவிட்டது, மற்றபடி ஆள் முழுசாக இருந்தார். மனைவியோடு என்னைப் பார்க்க வந்தவர், வீட்டு அடுப்பில் சுட்ட இனிப்புப் பணிஸ் ஒரு பொட்டலம் கொண்டு வந்திருந்தார். கூடாரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் ஐஸ் பிளந்ததாம். மா மூட்டையும் அடுப்பும் ஒரு பக்கமாக மிதந்து போக, இவர்கள் ஒரு துண்டில் நின்றிருக்கிறார்கள். சின்னப் படகு வந்து ஏற்றியபோது அந்தத் துண்டும் ஓரம் கரைந்துகொண்டிருந்ததாம். இதையெல்லாம் பாண் வேகிற விதத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

இங்கே நாங்கள் காற்றைப் பின்தொடர்ந்த கதையை நான் சொன்னேன். காற்று திரும்பிய செய்தி வந்த காலையை மட்டும் டீச்சர் சொன்னார். சேவியர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"காத்து திரும்பினதும் கப்பல்ல இருந்தவங்க கை தட்டினாங்க சார், எங்களுக்குக் கேட்டுச்சு. நாங்க ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சுக்கிட்டோம்."

அதற்குப் பிறகு யாராவது வந்து நாளைக்கு வானிலை நல்லா இருக்குமா என்று கேட்டால், யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்கிறேன்.