குதிகால் நரம்பு

என் அக்கா கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். போன வருஷம் கோகோ பயிற்சியில் பிள்ளைகளுக்கு எழுந்து ஓடிக் காட்டும்போது குதிகாலுக்கு மேலே பட்டென்று ஒரு சத்தம் கேட்டதாம். பின்னாலிருந்து எவளோ உதைத்துவிட்டாள் என்று கோபமாகத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். யாருமே இல்லை. அடுத்த அடி எடுத்து வைக்க முடியாமல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். "நரம்பு அறுந்துடுச்சாம்மா" என்றார் மாமா. 

தமிழில் இந்த நரம்பு என்கிற சொல் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊசி போட நர்ஸ் கையில் தட்டித் தட்டித் தேடுவதும் நரம்பு, டானிக் விளம்பரத்தில் தளர்ந்துபோவதும் நரம்பு, குதிகாலுக்கு மேலே கெட்டியாகக் கையில் தட்டுப்படுகிறதே, அதுவும் நரம்பு. பாடப்புத்தகம் இந்தக் கடைசி நரம்புக்குத் தசைநாண் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. ஆனால் தசைநாண் அறுந்துவிட்டது என்று எந்த வீட்டிலும் யாரும் அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நரம்பு என்றதும் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஓடிவந்த மாமாவின் சொந்தக்காரர்களுக்குப் பக்கவாதம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. கால் இனி வராது என்று அவர்களே தீர்ப்பும் சொல்லி, நான் போய்ச் சேர்வதற்குள் அவளைக் காரில் ஏற்றிப் புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய்விட்டார்கள். அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என்னோட நரம்பு இல்லைங்க, எலும்பு டாக்டரோட நரம்பு" என்று சிரித்து அனுப்பிவைத்தாராம். பயங்கரக் கோபத்தில் இருந்த எனக்கும் அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது.

எலும்பு டாக்டர் தைத்துக் கட்டுப் போட்டார். நடப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் இந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க முடிந்தால்தான் ஓட்டம் என்று சொல்லிவிட்டார். பள்ளியில் தலைமை ஆசிரியை, இனிமேல் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொள்ளலாமே என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். அக்கா அன்றைக்குத்தான் அழுதாள். "உக்காந்துகிட்டு விசில் ஊதறதுக்கா நான் பி.டி. டீச்சரானேன்?"

எனக்குக் கொலாஜன் என்கிற புரதத்தின் மேல் எப்போதுமே ஒரு மயக்கம் உண்டு. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஒரு புரி ஆகின்றன. புரிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து நார், நார்கள் கட்டாகச் சேர்ந்தால் தசைநாண். துறைமுகத்தில் படகு கட்டுகிற கயிறும் இப்படித்தான். இழையை ஒரு பக்கமும் கயிற்றை எதிர்ப்பக்கமும் முறுக்குவதால் பிரிவதில்லை. நம் தோலையும் எலும்பையும் குருத்தெலும்பையும் பிடித்து நிறுத்துவது இதே சரக்குதான். அதைவிட அருமை, அறுந்தால் அது மறுபடி வளர்கிற விதம். முதலில் உடம்பு அவசரத்துக்கு மெல்லிய நாரைக் கண்டபடி போட்டு இடைவெளியை அடைக்கிறது. பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டு, இழுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகக் கனமான நாரை வரிசையாக வைக்கிறது. இழுத்தால்தான் அதற்குத் திசை தெரியும். ஆள் படுத்தே கிடந்தால் நாரும் தாறுமாறாகவே கிடக்கும்.

டாக்டர் காலை ஊன்றச் சொன்ன பிறகும் அக்காவின் மாமியார் அவளைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. நரம்பு மறுபடி அறுந்துவிடும் என்ற பயம். பாசத்தோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நான் நார் வளர்கிற கதையை விளக்கி முடிப்பதற்குள் அக்காவே காலைக் கீழே வைத்துவிட்டாள். "இழுத்தாதான் ஒழுங்கா வளருமாம் அத்தை, விடுங்க, நடந்துட்டு வர்றேன்."

அதன்பிறகு மாதக்கணக்கில் தினமும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு காலில் எம்ப முடிந்தது. ஒற்றைக் காலில் வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம், குதிகால் தரையை விட்டு வரவே இல்லை. நானாக இருந்தால் எப்போதோ ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவள் அடுத்த நாளும் போய் நின்றாள். என் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பொங்கல் லீவில் சிதம்பரத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மேல்தட்டில் இருந்த வெல்ல டப்பாவை எட்டி எடுத்தாள். தைத்த காலில் நின்றிருந்தாள். இன்னொரு கால் பின்னால் மடங்கியிருந்தது. குதிகால் தரையை விட்டு எழும்பி, தழும்புக்கு அடியில் அந்த நாண் விறைப்பாகப் புடைத்துத் தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, எந்தக் கால்ல நிக்கிற பாரு."

குனிந்து பார்த்தாள். டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, பிடித்திருந்த சமையல் மேடையிலிருந்து கையை எடுத்தாள். எதையும் பிடிக்காமல் அதே காலில் இன்னொரு தடவை எம்பினாள்.