நாலாவது தோள்

காலை ஆறு இருபது. நெமிலிச்சேரிப் பக்கம் ரயில் பாதை மேட்டில் ஏறி நின்றபோது முதலில் தெரிந்தது, தண்டவாளத்தின் நடுவே வரிசையாக வந்த பத்து மூட்டைகள். மூட்டைகளுக்குக் கீழே தலைகள், கறுப்பு வேட்டிகள், செருப்பில்லாத கால்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். புயல் மழையில் ஏரி நிரம்பி வழிந்து, ரயில் நின்று போயிருந்தது. ஓர் எருமை மட்டும் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மூட்டைக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

எண்பதுகளில் நான் ஒரு மாலைப் பத்திரிகைக்கு அம்பத்தூர், ஆவடி வட்டார நிருபர். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் வெள்ளச் செய்தி எழுதுவது எப்படி என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கார்த்திகை மாதக் காலைதான் நினைவுக்கு வரும்.

மூட்டை

முன்னால் வந்தவர் குருசாமி மாணிக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கள்ளிக்குப்பத்தில் ஐயப்ப பக்தர்கள் குழு ஒன்றை நடத்திவந்தார். மாலை போட்டவர்கள் எதிரில் வருகிற யாரையும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நிருபர் என்று சொன்னதும் அவர் நின்றார்.

“பேப்பர்காரரா சாமி? அப்பால எழுதிக்கலாம். இத்த ஒரு கை புடி. கழுத்து போயிகினுகீது.”

பிடித்தேன். பச்சரிசி. குழு அந்த ஞாயிற்றுக்கிழமை நடத்துவதாக இருந்த அன்னதான பூஜைக்கு வீடுவீடாகப் போய்ச் சேர்த்த அரிசி அது. பட்டாபிராம் வரை டெம்போவில் வந்து, மேற்கொண்டு ரோடு இல்லாததால் தண்டவாளத்தில் நடந்திருக்கிறார்கள். சாமிக்கென்று வாங்கியதை வேறு இடத்தில் செலவழிக்கலாமா என்று குழுவில் பேச்சு வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். “சோறு ஆக்கிப் போடத்தான வாங்கனோம். எடம் மாறிப்போச்சு, அவ்ளோதான்,” என்றார் மாணிக்கம்.

அவருக்குப் பின்னால் வந்தவர் சேகர். அதே கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், முதல் வருடம் மாலை போட்ட கன்னிசாமி. குருசாமிக்கு இது பதினெட்டாம் வருடம் என்று அவர்தான் என் காதருகே சொன்னார். பதினெட்டாம் மலைக்குப் போகிறவர் ஒரு தென்னங்கன்றைக் கொண்டுபோய் அங்கே நடுவது வழக்கம். கன்று மாணிக்கத்தின் வீட்டு வாசலில் ஒரு பெயின்ட் டப்பாவில் தயாராக இருந்தது. தெருவில் போகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னார்.

இலை

குடிசைகள் மூழ்கியவர்களை மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். உடம்பில் தெம்புள்ள ஆண்கள் எல்லோரும் ஏரிக்கரையில் மணல் மூட்டை அடுக்கப் போயிருந்தார்கள். கரை உடைந்தால் பள்ளிக்கூடமும் மிஞ்சாது.

சாமிகள் வெளி வராந்தாவில் செங்கல் அடுக்கி, சின்ன ஐயப்பன் படம் ஒன்றைச் சுவரில் சாய்த்துவைத்து, சரணம் சொல்லி அடுப்பு மூட்டினார்கள். ஈர விறகு. புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் சோறும் சாம்பாரும் இறங்கிவிட்டன. சேகர் இலை போட்டார். யாரும் வந்து உட்காரவில்லை.

முந்தின நாள் மதியத்திலிருந்து அந்தக் குழந்தைகள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுப்புப் பக்கம் வந்த ஒரு பெண் குழந்தையை அதன் தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது. விடியற்காலையில் ஒருவர் இறந்துபோயிருந்தார். முனியம்மா என்ற பெண்ணின் கணவர், செங்கல் சூளைத் தொழிலாளி, பழைய ஆஸ்துமாக்காரர். கடைசி வகுப்பறையில், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே பிணம் இருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது?

முனியம்மாவே எழுந்து வந்து சொன்னார். “பசங்களுக்குப் போடுங்க சாமி. அவரு இன்னா சொல்லப்போறாரு.”

இலைக்கு முன்னால் நின்ற ஒரு பெண் நகரவில்லை. “எடுக்காம எப்டிடி துன்றது? நாளைக்கு உன் மூஞ்சில முழிக்க வாணாமா?”

இதில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

தோள்

இடுகாடு கொஞ்ச தூரம்தான், மேடான இடம். ஆனால் நடுவில் ஓடை. இப்போது முழங்கால் அளவு, இன்னொரு மழை பிடித்தால் தாண்ட முடியாது என்று, தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் ரயில்வே கேங்மேன் ஒருவர் சொன்னார். தூக்க நான்கு பேர் வேண்டும். முனியம்மாவின் தம்பி ஒருவர். கேங்மேன் ஒருவர். நான் ஒருவன். ஏரிக்கரைக்கு ஆள் அனுப்பலாம் என்றால், அங்கே ஒரு கையைக்கூட எடுக்க முடியாத நிலை.

வராந்தாவில் பத்து சாமிகள் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, கேட்க மாட்டார்கள். மாலை போட்டவர் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது; தெரியாமல் வந்துவிட்டதால் வராந்தாவோடு நின்றிருந்தார்கள். பிணத்தைத் தொட்டால் மாலை இறங்கிவிடும். அந்தக் குழுவின் வழக்கப்படி, பாதியில் மாலை இறங்கினால் அந்த வருடம் மலை கிடையாது.

மாணிக்கம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். மூன்று பேர் நிற்பதை அவர் எண்ணியிருக்க வேண்டும். அவர் கை கழுத்துக்குப் போவதை சேகர் பார்த்துவிட்டார்.

“குருசாமி, நான் கயட்டறேன். உங்களுக்குப் பதினெட்டு.”

“உன்னுது உங்கம்மா வேண்டிகினு போட்ட மாலை. என்னுது நானா போட்டது. நீ எலையைப் பாரு.”

“கன்னு வச்சிகினுகீறீங்களே சாமி…”

“கன்னு எங்க ஓடிடும்?” என்றவர், படத்தின் முன் கற்பூரம் ஏற்றினார். “அவருகிட்ட நான் பேசிக்கிறேன். பதினேழு தபா போயி பாத்தவன். மூஞ்சி தெரியாமயா போவும்?”

மாலையைக் கழற்றிப் படத்தின் மேல் போட்டார். மற்ற ஒன்பது பேரும் சரணம் சொன்னார்கள். மாணிக்கம் கேங்மேனிடம் ஒரு லுங்கி வாங்கிக் கட்டிக்கொண்டு கடைசி வகுப்பறைக்குள் போனார். கிடந்தவரைத் தூக்கக் குனிந்தபோது, “வா சாமி, போலாம்,” என்றார்.

ஓடையில் எனக்கு ஒரு முறை கால் வழுக்கியது. பாடையின் என் பக்கத்தையும் சேர்த்து அவரே தாங்கிக்கொண்டார். விறகு எரியாது என்பதால் புதைத்தோம். மழை மறுபடி பிடித்தபோது நாங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தோம்.

எல்லோரும் தலை முழுகியபின் பந்தி உட்கார்ந்தது. முனியம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஊட்டிவிட்டார்கள். மாணிக்கம் அடுப்புப் பக்கம் போகவில்லை. தள்ளி நின்று, சாயங்காலம் வரை விறகு பிளந்தார்.

செய்தி

பட்டாபிராமிலிருந்து ஆபீசுக்கு ஃபோன் போட்டேன். “எத்தனை மூட்டை? எத்தனை பேர் சாப்பிட்டாங்க?” என்று கேட்டார் சப் எடிட்டர். சொன்னேன். மாலை விஷயத்தையும் சொன்னேன். “அது எதுக்குய்யா, எடம் இல்ல,” என்றார். அரிசி மட்டும் அச்சில் வந்தது. மாணிக்கத்திடம் பேப்பரைக் காட்டியபோது, பேர் வராதது நல்லது என்றார். மாலை கழற்றியதும் சேர்ந்து வந்திருந்தால் அவர் அம்மா படித்துவிட்டு அழுதிருப்பாராம்.

அதற்குப் பிறகு எத்தனையோ நிவாரணச் செய்திகள் எழுதினேன். கொடுத்தது எவ்வளவு என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டபின், கொடுத்தவருக்கு அதனால் எது இல்லாமல் போனது என்றும் விசாரிப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். புதியவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த கார்த்திகையில் மாணிக்கம் மறுபடி மாலை போட்டார். பஸ் கிளம்புகிற அன்று வழியனுப்பப் போயிருந்தேன். முனியம்மாவும் தம்பியுடன் வந்திருந்தார். தென்னங்கன்று அந்த ஒரு வருடத்தில் என் தோள் உயரத்துக்கு வளர்ந்து, பெயின்ட் டப்பாவிலிருந்து பாதியாக வெட்டிய ஆயில் டிரம்முக்கு மாறியிருந்தது. அதை வைக்க பஸ்ஸில் இடம் போதவில்லை. மாணிக்கம் ஸ்பேனர் எடுத்துவந்து பின் சீட்டு ஒன்றைக் கழற்றினார்.