வாய்க்குள் கடத்திய மருந்து

மலாயாவில், ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், திங்கட்கிழமை என்பது எல்லாருக்கும் உடம்பு சரியில்லாத நாள். டிரசர் சின்னையா அப்படித் தீர்மானித்திருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியை ஒற்றை ஆளாகக் கட்டியாண்ட அவர், கடற்கரைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கொசுவோடு போராடிப் பேரெடுத்தவர். மாற்றலாகி மலைக்கு வந்தபோது கொசு அவர்கூட வரவில்லை. மலேரியாவுக்கான கொயினா மருந்து மட்டும் வந்தது. கொசு இல்லை என்பதற்காக மருந்தை அவமதிக்கலாமா? ஆகவே திங்கள்தோறும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில், மொத்தச் சனமும் மருந்துக்கு வரிசையில் நின்றாக வேண்டும். மருந்து வாங்கியவருக்குத்தான் அன்று கணக்கில் பேர் விழும். பேர் விழாவிட்டால் கூலி இல்லை.

ஆரம்பத்தில் இதனால் யாருக்கும் சேதமில்லை. மூன்று வேளை மருந்தையும் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். சனங்கள் அதைப் பத்திரமாகத் தாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோய்ச் சாக்கடைக்குப் புகட்டுவார்கள். அந்தச் சாக்கடைக்கு ஒருநாளும் காய்ச்சல் கண்டதில்லை.

பிறகு வெள்ளைக்கார சர்க்காரின் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறோ மருந்தோ போய்விடக் கூடாதென்று லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். மருந்து எந்தக் கூலியின் கையிலும் தங்கக்கூடாது என்று உத்தரவு. சின்னையா ஆழ்ந்து சிந்தித்து, மூன்று வேளை மருந்தையும் ஒரே வேளையாக வாயில் ஊற்றலானார். உத்தரவும் காப்பாற்றப்பட்டது, விஞ்ஞானமும் காப்பாற்றப்பட்டது. காது இரைந்து, கங்காணியின் வசவு பாதிப்பேருக்குக் கேட்காமல் போனது. அந்த மருந்து செய்த ஒரே உபகாரம் அதுதான்.

அம்மாக்கண்ணு கொழுந்து பறிப்பவள். இரண்டு முறை கருவுற்றாள். இரண்டு முறையும் ஒரு திங்கட்கிழமை மருந்துக்குப் பிறகு வயிறு முறுக்கி, கரு கலைந்தது. இரண்டாவது முறை நேரே டிரசரிடம் போய்க் கேட்டாள்.

"ஐயா, இதுல என்னா இருக்கு?"

"மருந்து இருக்கு."

"என்னா மருந்து?"

"காய்ச்சலுக்கு மருந்து."

"எனக்குத்தான் காய்ச்சலே இல்லியே!"

"பாத்தியா, மருந்து வேல செய்யுது!"

பிள்ளை போனதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. பெண்பிள்ளை உடம்பு பலவீனமாம். பலவீனத்துக்கு மருந்தாக அதே மருந்தில் இன்னும் அரைக் கரண்டி கூட்டினார்.

மூன்றாவது பிள்ளை இப்போது வயிற்றில் ஐந்து மாதம். இனி ஒரு சொட்டும் விழுங்குவதில்லை என்று அவள் சொன்னதும் புருஷன் கருப்பையா கெஞ்சினான்.

"முழுங்கித் தொலையேன்லா. பேர வெட்டிட்டா என்னாத்தத் திங்கிறது?"

"ரெண்டத் தின்னுருச்சு அந்த மருந்து. இன்னும் பசிச்சா உன்னயத் தர்றேன், திங்கச் சொல்லு."

அதற்குப் பிறகு அவள் கண்ட வழி எளியது. மருந்தை வாயில் வாங்குவாள், விழுங்கமாட்டாள். வாயை இறுக மூடிக்கொண்டு வேலிக்கதவைத் தாண்டி, மலையேறி, முதல் தேயிலைத் தூரில் துப்புவாள். சில வாரம் தேயிலை அவளுக்காகக் கசப்பைக் குடித்தது.

கதவில் சோதனைக்கு நின்றவன் வேலப்பன். அதே லயத்துப் பையன். ஸ்பெஷல் போலீஸில் சேர்ந்து, புதுக் காக்கிச்சட்டை போட்டிருந்தான். ஒரு திங்கள் பார்த்து ரிங்லெட்டிலிருந்து போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து, ஜீப்பில் சாய்ந்து நின்றார்.

"பசியாறிட்டீங்களா அக்கா?" என்றான் வேலப்பன்.

அம்மாக்கண்ணு நடையை எட்டிப் போட்டாள்.

"என்னாக்கா, மாமாகூடச் சண்டையா?"

தலை மட்டும் ஆடியது. கன்னம் உப்பியிருந்ததை இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"வாயத் தொறங்கக்கா, பெரியவரு பாக்குறாரு."

அம்மாக்கண்ணு திறந்தாள். மூன்று வேளை மருந்தும், அந்த அரைக் கரண்டியும், புதுக் காக்கிச்சட்டையில் போய் விழுந்தன.

சாம்ராஜ்யம் விழித்துக்கொண்டது. குற்றம்: வேலிக்கு வெளியே மருந்து கடத்த முயன்றது; சாட்சியம்: சட்டை. சட்டையைக் கழற்றிச் சுருட்டி முத்திரை வைத்தார்கள். பனிமூட்டத்தில் போலீஸ் லோரி ரிங்லெட்டுக்கு இறங்கியது. உள்ளே கைதி போர்வையோடு; கைது செய்த வீரன் பனியனோடு, குளிரில் பல் கிட்டிப்போய்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்க, வேலப்பன் தமிழில் சொன்னான். "எந்தக் கம்யூனிஸ்டுக்குக் கொண்டு போனீங்கன்னு கேக்குறாருக்கா."

"எவன்டா என் எச்சிய வாங்கிக் குடிப்பான்?" அம்மாக்கண்ணு எழுந்தேவிட்டாள். "முழுங்குனா புள்ள போயிரும். துப்புனா பேரு போயிரும். வாய் ஒன்னுதான் எனக்குன்னு இருக்கு, அதுல வச்சிருந்தேன். ரெண்டு சிசுவத் தேயிலத் தூருல பொதைச்சேன், ஒரு ஜீப்பு வரல. ஒரு வாய் மருந்துக்கு இத்தனை பேரு வந்துட்டீங்க. சொல்லுடா, ஒன்னு விடாம சொல்லு அவர்கிட்ட!"

வேலப்பன் இவ்வளவையும் மலாயில் பெயர்த்தான்: "தான் கம்யூனிஸ்டு இல்லையாம், துவான்."

இன்ஸ்பெக்டருக்குச் சங்கடம். நிரூபிக்க வழியில்லை, சும்மா விட்டால் மரியாதையில்லை. யோசித்துக் கடுமையான தண்டனையாக ஒன்றை விதித்தார். இந்தப் பெண் சந்தேகத்துக்குரியவள். இவளுக்கு இனித் தோட்டத்தில் ஒரு சொட்டு மருந்தும் தரக்கூடாது. தந்தவனும் உள்ளே போவான்.

அடுத்த திங்கள், சின்னையாவின் கரண்டி அவளைக் கண்டதும் பின்வாங்கியது. பேர் மட்டும் ஒழுங்காக விழுந்தது. பக்கத்தில் நின்ற கொழுந்துக்காரி வேலாயி, வாயில் கசப்போடு, அவளையே உற்றுப் பார்த்தாள்.

அதற்கடுத்த திங்கள் கதவண்டை பெண்கள் கூட்டம் வரிசையாக வந்தது, அத்தனை பேருக்கும் கன்னம் உப்பலாக. வேலப்பன் ஒரு பார்வை பார்த்தான். பேசாமல் சட்டையைக் கழற்றி முள்வேலியில் மாட்டிவிட்டு, "ம், தொறங்க" என்றான்.

அத்தனை கடத்தல்காரிகளையும் ஏற்ற ரிங்லெட்டில் லோரி கிடையாது. மருந்து தரக்கூடாது என்ற தண்டனைதான் லயம் முழுக்கப் பரவியது. சின்னையா தன் போத்தல்களோடு தனியாக உட்கார்ந்து, நன்றிகெட்ட சனம் என்று வருந்தினார்.

அம்மாக்கண்ணுவுக்குப் பெண் பிறந்தது. அது கத்திய கத்தலில் கங்காணி எழுந்துவிட்டார். மூன்றாம் நாள் டிரசர், கடமை தவறாதவர், சின்னக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "புள்ளைக்கு ஒரு சொட்டு..."

அம்மாக்கண்ணு பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்யா, கேஸாயிரும். இது கம்யூனிஸ்டுக்கு மருந்து கடத்துனவ பெத்த புள்ள."