கையில் கொடுத்த மூவாயிரம்

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினோம், நானும் என் அண்ணனும். செஞ்சிக்கு ஆளுக்கு நூற்று நாற்பது ரூபாய். செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டை பார்க்கப் போவார்கள். நாங்கள் ஒருவனுக்குப் போன வேலையைத் திருப்பி வாங்கித் தர முடியுமா என்று பார்க்கப் போனோம். அது போவதற்குக் காரணமானவர் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு மேல்மருவத்தூர் வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் இருவரும் சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று இரவு சொகுசுக் கப்பலில் போய்வந்தோம். 'எல்லாம் சேர்த்து' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் கதவிடுக்கில் ஒரு பில் கிடந்தது. 'பணியாளர் வெகுமதி: ஒருவருக்கு, ஓர் இரவுக்கு நானூறு ரூபாய்.' ஆக எங்கள் இருவருக்கும் இரண்டாயிரத்து நானூறு.

வெகுமதி என்பது கொடுக்கிறவர் மனசு. அதற்கு விலை குறித்துக் கதவிடுக்கில் தள்ளினால் அதற்குப் பெயர் கட்டணம். கட்டணம் என்றால் டிக்கெட்டிலேயே சேர்த்து வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே! சேர்த்தால் விளம்பரத்தில் விலை கூடித் தெரியும். அதனால் தன் ஆட்களுக்குத் தான் கொடுக்க வேண்டிய கூலியை நம் தலையில் கட்டிவிட்டு, அதற்கு வெகுமதி என்று பூ வைத்து விடுகிறான் கப்பல்காரன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம் என்றேன்.

அண்ணன் கேட்கவில்லை. "பில்லுல போட்டா அந்தப் பையனுக்கா போகும்? எவன் பாக்கெட்டுக்குப் போகுதோ! நம்ம வீட்டுக் கல்யாணத்துல சமையக்காரருக்கு எப்படிக் குடுத்தோம்? கையிலதானே குடுத்தோம்?" என்றார். வரவேற்பு மேஜைக்குப் போய் அந்தத் தொகையைப் பில்லிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை, எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட ராஜை நடைபாதையில் நிறுத்தி, ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். பில்லில் இருந்ததைவிட அறுநூறு அதிகம். அந்தப் பெருமை அண்ணன் முகத்தில் வீடு வந்து சேரும்வரை இருந்தது.

கப்பலின் சட்டம் வேறு. பில்லில் வெகுமதியைக் கட்டிய பயணி அதற்கு மேல் கையில் கொடுத்தால், வாங்கியவன் வைத்துக்கொள்ளலாம். பில்லிலிருந்து அதை நீக்கச் சொன்ன பயணி கையில் கொடுத்தால், அது பொதுப் பணம், ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைக்காவிட்டால் திருட்டு. அண்ணன் பில்லிலிருந்து நீக்கச் சொன்னது ராஜுக்குத் தெரியாது. மேலே கொடுக்கிறார் என்று நினைத்து வைத்துக்கொண்டான். கண்காணிப்புக் கேமரா பார்த்துவிட்டது. அடுத்த முறை கப்பல் சென்னைக்கு வந்தபோது பெட்டியோடு இறக்கி விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் அவன்தான் எனக்குப் போன் செய்து சொன்னான். கப்பலில் எடுத்த படங்களை அனுப்ப என் நம்பரை வாங்கியிருந்தான். "நான் கேட்டு வாங்கலன்னு சார் ஒரு மெயில் போட்டா போதும் மேடம். திங்கக்கிழமை முடிவு பண்றாங்க." அண்ணனிடம் சொன்னேன். மெயிலில் என்ன பேசுவது, நேரில் போய்ப் பேசினால்தான் மரியாதை என்றார். இவருக்கு எல்லாமே நேரில்தான், கையில்தான்.

திண்டிவனத்தில் இறங்கி டீ குடித்தோம். அங்கிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். மணிலாக்கடலையும் நெல்லும் மாறி மாறி வந்தன. பிறகு பாறைக் குன்றுகள், யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல. ஒன்பதரைக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ராஜ் நின்றிருந்தான். கப்பலில் வெள்ளைச் சட்டையும் பெயர்ப் பட்டையுமாகப் பார்த்தவனைக் கட்டம் போட்ட சட்டையில் பார்த்ததும் ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. முழுப் பெயர் ஆரோக்கியராஜ். ஆறு வருஷமாகக் கப்பல் வேலை.

"வீட்ல கரண்ட் இல்ல சார். கோட்டைல நிழலா உக்காந்து பேசலாம். என் வீட்டுக்காரி ஸ்டெல்லா சமைக்குது, மத்தியானம் போய்ச் சாப்பிடலாம்," என்றான்.

ஷேர் ஆட்டோவில் கோட்டைக்குப் போனோம். நுழைவுச் சீட்டு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் என்று பலகையில் இருந்தது. அதுதான் விலை, உள்ளே போனபின் எந்தக் கதவிடுக்கிலும் பில் வராது. அண்ணன் பர்ஸைத் தேடுவதற்குள் ராஜ் மூன்று சீட்டு வாங்கிவிட்டான். வேலை இழந்தவன் எங்களுக்குச் சீட்டு வாங்குகிறான், நாங்கள் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம்! தலைக்கு மேலே ராஜகிரி செங்குத்தாக நின்றது. அதில் ஏற வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். நான் பார்த்த பார்வையில் கல்யாண மகாலின் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். குரங்குகள் எங்கள் பையைச் சுற்றி வந்தன.

சென்னையில் இருக்கும் ஏஜெண்டுக்கு ராஜ் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். கப்பல்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். நான் விஷயத்தைச் சொன்னேன். இந்தப் பையன் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை, நாங்களாகக் கொடுத்தோம் என்றேன்.

"மேடம், பணம் மட்டும்னா பேசிப் பாத்திருப்பேன்," என்றார் ஏஜெண்ட். "சர்வீஸ் சரியில்லன்னு கம்ப்ளெய்ன்ட் இருக்குதே. மூணு நாளும் ரூம் சுத்தமா இல்ல, கூப்பிட்டா வரலன்னு. கம்ப்ளெய்ன்ட் குடுத்ததே உங்க ரூம்தான்."

நான் ராஜைப் பார்த்தேன். ராஜ் போனைப் பார்த்தான். அண்ணன் குரங்கைப் பார்த்தார்.

"அண்ணா?"

"அந்த ரிசப்ஷன் பொண்ணு காரணம் சொல்லாம எடுக்க முடியாதுன்னுச்சு," என்றார் மெதுவாக. "ஏதோ வாய்க்கு வந்ததச் சொன்னேன். இவனுக்குக் கையில குடுக்கத்தானே சொன்னேன்?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. தினமும் இரண்டு வேளை அறையைத் துடைத்து, அண்ணனுக்கு மூட்டுவலி என்று கேட்காமலே வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்தவன் இவன். அவனுக்கு நல்லது செய்வதற்காக அவன் மேலேயே கோள் சொல்லியிருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்கள். இங்கே நிஜக் குரங்குகளே அசந்து உட்கார்ந்திருந்தன. கோட்டைக்குள் நான் போட்ட சத்தத்தில் நிழலில் படுத்திருந்த ஒரு குடும்பம் எழுந்து வேறு பக்கம் போனது.

"வுடுங்க மேடம். சார் நல்ல மனசுலதான் செஞ்சாரு," என்றான் ராஜ். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. அவனுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பன்னிரண்டரைக்கு அவன் வீட்டுக்குப் போனோம். பஜாரைத் தாண்டி, விழுப்புரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இரண்டு அறைகள். மாதா படத்துக்குக் கீழே அவன் வேலை பார்த்த மூன்று கப்பல்களின் படங்கள். ஸ்டெல்லா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ராஜ் மறைக்காமல் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"இன்னா சார் இது? நீங்க பெரிய மனுசரு, கையில குடுத்துட்டு வூட்டுக்குப் போயிட்டீங்க. இது ஆறு வருசமா யாருகிட்டயும் ஒரு பேச்சு வாங்கினதில்ல. எம்புள்ள பொறந்தப்ப கூட கப்பல்லதான் இருந்துச்சு. வேலை போனா போவட்டும் சார். வேலை செய்யலன்னு எழுதி வச்சிட்டாங்களே, அத யாரு அழிப்பாங்க?"

எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சாப்பிடுவதற்கு முன் மெயில் எழுதினால்தான் இலையில் உட்காருவேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். 'தவறான தகவல் கொடுக்கப்பட்டுவிட்டது' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினார். கொடுக்கப்பட்டதாம்! யார் கொடுத்தது, காற்றா? 'நான் பொய் சொன்னேன்' என்று போடச் சொன்னேன். நாற்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவருக்கு அந்த மூன்று சொல் லேசில் வரவில்லை. ஸ்டெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். கடைசியில் எழுதினார், ஏஜெண்டுக்கு அனுப்பினார்.

ஏஜெண்ட் அரை மணியில் கூப்பிட்டார். மெயிலைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாராம். "ஆனா பேசஞ்சர் மனசு மாறி எழுதுறது தினம் நடக்குறதுதான் மேடம். ஆளு போயி கெஞ்சியிருப்பான்னு நெனப்பாங்க. திங்கக்கிழமை பாக்கலாம்," என்றார். நாங்கள் நேரில் வந்திருப்பதும் அவனுக்கு எதிராகவே நிற்கும் போலிருக்கிறது. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பு நன்றாக இருந்தது.

மூன்றரைக்குத் திரும்பவும் பஸ் ஸ்டாண்டு. ஸ்டெல்லா ஒரு பையில் வறுத்த மணிலாக்கொட்டை கட்டிக் கொடுத்திருந்தாள். "மொத மொத வூட்டுக்கு வந்தவங்க, வெறுங்கையோட போகக் கூடாதுக்கா," என்றாள். கோபம் தீராமல்தான் கொடுத்தாள். கொடுப்பதற்குக் கோபம் தீர வேண்டும் என்று அவர்கள் வீட்டில் கணக்கில்லை. இதற்கு எந்தக் கப்பலில் என்ன பில் போடுவார்கள்?

சென்னை பஸ் வந்தது. ராஜ் எங்களுக்கு முன்னால் ஏறி இடம் பிடித்தான். பையை மேலே வைத்து, எடுக்க வசதியாகக் கைப்பிடியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தான். கப்பலிலும் இப்படித்தான் வைப்பான். அண்ணனின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அது நாற்பது வருஷப் பழக்கம், அவர் யோசித்துச் செய்யவில்லை. மடித்த தாள்கள் பாதி வெளியே வந்தன.

ராஜ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். பஸ்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தான், பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"வேணாம் சார். யாராவது பாத்துடப் போறாங்க."

அது அவன் பிறந்து வளர்ந்த ஊர். பஸ்ஸுக்குள் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரியும்.