அந்தக் கோலை அடித்தவர் மாயழகு

மாயழகு அண்ணன் இறந்த செய்தி ஒரு பந்தாட்டப் பேச்சுக்கு நடுவே எனக்கு வந்தது. பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரிலுள்ள காதர் நானாவின் தேத்தண்ணிக் கடையில், முதல் நாள் நடந்த ஆட்டத்தை வைத்து விசாரணை நடந்துகொண்டிருந்தது. கோல் காப்பாளன் எதற்காக முன்னால் ஓடி வந்தான், வலது பக்கம் விளையாடியவனுக்குக் கால் இருந்ததா இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தெமோதரை பஸ்ஸில் வந்த எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் வாசலில் நின்றபடியே, "நம்ம மாயழகு அண்ணன் விடியக் காத்தால போயிட்டாருங்க. காய்ச்சல் நெஞ்சில எறங்கிருச்சு" என்றார்.

"அடடே, நல்ல மனுசன்" என்றார் தையற்கார மணியம். இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். மணியம் தன் பிளேன்டியில் ஒரு வாய் குடித்தார். "இருந்தாலும் அந்தக் கோல் காப்பாளனை அடுத்த மேட்சுக்கு எடுக்கக்கூடாது" என்றார். செய்தி அவ்வளவு நேரம்தான் அங்கே நின்றது.

மாயழகு அண்ணன் யார் என்று அந்தக் கடைக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்களும் படிக்கட்டும்.

தெமோதரைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு காம்பராவில் பிறந்தவர் அவர். எங்கள் காம்பராவிலிருந்து மூன்றாவது. நாற்பத்தெட்டாம் வருடம், கொழுந்து மலையில் வைத்துத் தன் மனைவியைக் கெட்ட வார்த்தை சொன்ன கங்காணியின் சட்டையைப் பிடித்தார். மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அவர் பெயரைக் கூப்பிடவில்லை. அண்ணி லயத்தில் இருக்க, அவர் மட்டும் பதுளைக்கு இறங்கிப்போய், ரயில் நிலையத்துச் சரக்கு மடுவத்தில் தேயிலைப் பெட்டி தூக்கினார். கூப்பிட்ட அன்றைக்கு வேலை. பதிவு கிடையாது, சீட்டு கிடையாது. நான் அப்போது சித்தப்பா வீட்டில் தங்கிப் பதுளையில் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் அவரைப் பார்ப்பேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சாக்கைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி உதைப்பார். வெறுங்கால். அதை ஒரு நாள் கந்தோர் உத்தியோகத்தர்களின் பந்தாட்டக் கோஷ்டித் தலைவர் பார்த்துவிட்டார். ஆனால் கந்தோர்களுக்கிடையிலான போட்டியில் நிரந்தர உத்தியோகத்தர் மட்டுமே விளையாடலாம். பெட்டி தூக்குகிறவருக்கு இடமில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நவரத்தினம் என்று ஒரு கிளாக்கர் இருந்தார். யாழ்ப்பாணத்தவர். பள்ளிக்கூடக் காலத்தில் நன்றாக விளையாடியவர், பிறகு முழங்கால் கெட்டுப்போனது. பட்டியலில் அவர் பெயர், மைதானத்தில் மாயழகு அண்ணனின் கால்.

பிடிபட்டால் வென்ற ஆட்டமெல்லாம் தோற்றதாகிவிடும். அதனால் கோஷ்டியின் ஆதரவாளர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வந்தது. மைதானத்திலோ கடையிலோ தெருவிலோ மாயழகு என்ற பெயரைச் சொல்லக்கூடாது. நவரத்தினம் என்றே சொல்லவேண்டும். எல்லோரும் பழகிக்கொண்டார்கள். நானும்தான். கோட்டோரம் நின்றுகொண்டு, "அடிங்க நவரத்தினம்!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஆட்டமுள்ள நாட்களில் உண்மையான நவரத்தினம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார். ஆட்டம் முடிந்தபிறகு, இஸ்திரி போட்ட கால்சட்டையோடு காதர் நானாவின் கடைக்கு வருவார்.

பண்டாரவளைக் கோஷ்டியை மழையில் வென்ற நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மாயழகு அண்ணன் சேற்றிலிருந்து பந்தைப் பிடுங்கியெடுத்து, இடது காலால், வெகு தூரத்திலிருந்து அடித்தார். வலை கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"நவரத்தினத்துக்கு நூத்துக்கு நூறு" என்று கடையில் தீர்ப்புச் சொன்னார் மணியம். "மத்தவனுங்க எல்லாஞ் சேந்து முப்பது. சென்டர் ஹாஃபுக்கு நான் மார்க்கே போடமாட்டேன். மழைக்கு ஒதுங்க வந்தவன் மாதிரியில்ல நின்னான்!"

அந்த நேரம் கிளாக்கர் உள்ளே வந்தார். "என்ன, இண்டைக்கு நான் எப்பிடி விளையாடினன்?"

கடை அதிர்ந்தது. "ஐயா, அந்த ரெண்டாவது கோலுக்கு உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும்!" என்றது ஒரு குரல்.

"கால்ல சேறு கூட ஒட்டல்ல பாத்தீங்களா?" என்றார் காதர் நானா. "அதுதான் ஆட்டம்!"

மாயழகு அண்ணன் அடுப்புப் பக்கம், முழங்கால்வரை சேற்றோடு நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "மொதப் பாதியில ரெண்டு பந்தை அவரு தப்பாக் குடுத்தாருங்க" என்றார். "தொண்ணூறு போட்டாப் போதும்."

"பெட்டி தூக்குறவனுக்கு ஆட்டத்தைப் பத்தி என்னய்யா தெரியும்? சும்மா இரு!" என்று மணியம் அதட்ட, மறுபடியும் சிரிப்பு. அண்ணன்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த வருடம் அரையிறுதியில் தோற்றோம். பெனால்ட்டி உதையை அண்ணன் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார். அன்று மாலை கடையில் நவரத்தினம் என்ற பெயரே எழவில்லை.

"தோட்டக்காட்டானை நம்புனா இதுதான்" என்றார் மணியம். "மலையேறுற காலு பந்துக்கு ஒத்துவருமா?"

கிளாக்கர் சிரிக்கவில்லை. "என்ர பெயரையெல்லோ கெடுத்துப்போட்டான்" என்றார்.

அண்ணன் அடுப்படியில் நின்றபடி அதையும் கேட்டார். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தார். சரக்கு மடுவத்துக்கு அவரோடு நடந்தேன். "கோல் போட்டா அவரு, விட்டா நானு. பங்கு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அவர் கசப்பாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த வருடம் கோப்பையை வென்றார்கள். வென்று கொடுத்தவர் அவர். கோஷ்டியைப் படம் பிடித்த நாளில், நடுவில் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நவரத்தினம் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த வாங்கைத் தூக்கிவந்து போட்டவர் மாயழகு அண்ணன். படம் எடுத்து முடிந்ததும் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். அவரை ஓர் ஓரமாகவாவது நிற்க வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஐம்பதில் அந்தக் கங்காணி தோட்டத்தை விட்டுப் போனார். அண்ணனை மறுபடியும் வேலைக்கு எடுத்தார்கள். அதற்குள் எங்களையெல்லாம் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டிருந்தது. இங்கே பிறந்தவர்கள், இங்கேயே இருக்கிறோம் என்று மனுப்போட்டு நிரூபிக்க வேண்டும். அண்ணனும் மனுப்போட்டார். சில வருடங்கள் கழித்து, அரசாங்கக் கச்சேரியில் விசாரணை என்று கூப்பிட்டார்கள். தோட்டத்துப் பதிவில் நாற்பத்தெட்டுவரை பெயர் இருக்கிறது, ஐம்பதிலிருந்து இருக்கிறது. நடுவில் எங்கே போனாய்? இந்தியாவுக்கா? இல்லையென்றால் அத்தாட்சி கொண்டுவா.

அந்த இரண்டு வருடத்தில் பதுளை மைதானத்தில் அவரைப் பார்க்காத ஆள் இல்லை. அத்தாட்சிக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் என்னோடு காதர் நானாவின் கடைக்கு வந்தார்.

"அந்த ரெண்டு வருசமும் நான் இங்கதான் இருந்தேன்னு யாராச்சும் வந்து சொல்லணுமுங்க" என்றார். "நீங்க எல்லாம் பாத்தவங்க."

"பாக்காம என்ன?" மணியத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பண்டாரவளை ஆட்டத்தை முதலிலிருந்து சொன்னார். மழை எப்போது பிடித்தது, பந்து யாருடைய காலில் பட்டு வந்தது, கோல் காப்பாளன் எந்தப் பக்கம் விழுந்தான், எதையும் விடவில்லை.

"அதைத்தான் கச்சேரியில வந்து சொல்லுங்க" என்றேன். "அடிச்சது நவரத்தினம் இல்ல, இவருதான்னு."

மணியம் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப கப்பு?" என்றார் மணியம்.

"கப்புக்கு என்ன?"

"என்ன தம்பி புரியாமப் பேசுற? ஆள்மாறாட்டம்னு எழுதிக் குடுத்தா கப்பைத் திருப்பிக் கேப்பானுங்க. அப்புறம் பண்டாரவளைக்காரன் மூஞ்சியில முழிக்க முடியுமா?"

காதர் நானா மேசையைத் துடைத்தபடி, "கந்தோர் ஆக்கள் வந்து போற கடை தம்பி. என்னைய இதுக்குள்ள இழுக்காதீங்க" என்றார்.

அங்கிருந்து கிளாக்கர் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கொடுத்தார். "நீர் விளையாடினது உண்மை. ஆர் இல்லையெண்டது?" என்றார். "ஆனா எழுத்தில தந்தா என்ர உத்தியோகம் போயிடும். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு." அவருக்குப் பின்னால் சுவரில் அந்தக் கோஷ்டிப் படம் தொங்கியது. அவர் பயந்தது உண்மையான பயம். அதற்காக அவரை நான் மன்னிக்கப்போவதில்லை. அண்ணனுக்கும் ஒரு பெண்பிள்ளை இருந்தது.

விசாரணைக்குச் சாட்சியாக நான் ஒருவன்தான் போனேன். அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்: "அந்த ஆட்டத்தை ஐயாவும் பார்த்தாராம். தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாராம். அப்படியொரு கோலைப் பிறகு பார்க்கவே இல்லையாம். ஆனால் அதை அடித்தவர் நவரத்தினம் என்ற கிளாக்கராம். சுற்றி நின்ற சனமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்தியதாம்."

அந்தச் சனத்தில் நானும் ஒருவன். அதைச் சொன்னேன். எல்லோரும் பொய்யாகத்தான் கத்தினோம் என்றேன். அப்போது கத்தியது பொய்யென்றால் இப்போது சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டார்.

மாயழகு அண்ணன் எழுந்தார். "ஐயா, ஒரு பந்து குடுக்கச் சொல்லுங்க. இப்பவே அதே மாதிரி அடிச்சுக் காட்டுறேன்."

மொழிபெயர்க்கப்பட்டதும் அதிகாரி சிரித்தார். ஏளனச் சிரிப்பில்லை, நல்ல மனிதரின் சிரிப்புத்தான். சிரித்து முடித்துவிட்டு எழுதினார். சில வாரங்களில் மனு தள்ளுபடியான கடிதம் வந்தது. மேல்முறையீடும் அதே வழியில் போனது.

அதன் பிறகு அவர் பதுளைக் கடைக்குப் போகவில்லை. மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், பிள்ளையை வளர்த்தார். அவருக்கு வாக்கு இல்லை, நாடு இல்லை. என்றைக்கு மூட்டையைக் கட்டச் சொல்வார்களோ என்ற பயம் அந்தக் காம்பராவில் ஓர் ஆளைப்போல் குடியிருந்தது. "அவங்களை ஒரு வார்த்தை திட்டமாட்டீங்களா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"திட்டி என்ன தம்பி? அவங்க ஒண்ணையும் மறக்கல. ஒவ்வொரு ஒதையும் நெனவிருக்கு" என்றார். "என்னை மட்டுந்தான் ஒளிச்சு வெச்சாங்க. ஒளிச்ச எடத்துலயே விட்டுட்டாங்க."

அடக்கத்துக்குப் பதுளையிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். மணியமும் காதர் நானாவும் அவர்களில் இருவர். லயத்து வாசலில் காத்திருந்த நேரத்தில் மெல்லப் பேச்சுத் தொடங்கியது. எந்த ஆட்டம் நல்ல ஆட்டம், எந்தக் கோல் பெரிய கோல் என்று.

"என்ன சொல்லு, மாயழகு அடிச்ச மாதிரி ஒரு கோலு பதுளையில இன்னொருத்தன் அடிக்கல" என்றார் மணியம். குரலைத் தாழ்த்தவில்லை. யாரும் அவரை அடக்கவுமில்லை.

"இப்ப அந்தப் பேரைச் சொல்ல முடியுதா?" என்று கேட்டேன்.

மணியம் தரையைப் பார்த்தார். "கோவிச்சுக்காத தம்பி. அந்தக் கோஷ்டிதான் இப்ப இல்லியே. கப்பு எங்க கெடக்குன்னே தெரியல."

தோட்டத்து மருந்து ஐயா மரணப் பதிவுக்கான படிவத்தோடு வந்து, வாசலில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியின் மேல் வைத்து எழுதினார். பெயர் கேட்டார். பிறந்த இடம் கேட்டார். "இந்த லயத்துலதாங்க" என்றார் அண்ணி. எழுதிக்கொண்டார். இருந்த இடம் கேட்டார். "ரெண்டு வருசம் பதுளையில. மத்தபடி இங்கதான்." அதையும் எழுதிக்கொண்டார். ஒரு கேள்வி எழவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இதுக்கெல்லாம் அத்தாட்சி வேண்டாமாங்க?"

அவர் நிமிர்ந்து என்னை விநோதமாகப் பார்த்தார். "செத்தவருக்கு எதுக்குத் தம்பி அத்தாட்சி? தெரிஞ்சவங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

இரண்டு பேர் போதும் என்றார். பேனாவுக்காக ஆறு கைகள் நீண்டன.

பிற்பகலில் அவரைத் தேயிலைச் செடிகளுக்குக் கீழே உள்ள சரிவில் புதைத்தோம். இறந்தவரைப் போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். போ, போ என்றே இந்த நாடு சொல்லிக்கொண்டிருந்த மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கேயே இருங்கள், அண்ணே.