தறிக்குழிக்குத் தார் பூசியது

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் முக்கால்வாசியைத் தறி எடுத்துக்கொண்டது. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, தறிக்கு அடியில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். மிச்ச இடத்தில் அடுப்பு, பானை, பாய், நான்.

சிமெண்ட்டுக்குப் பெர்மிட்டு எழுதிப்போட்டுவிட்டுக் காத்துக்கிடந்த காலம் அது. சின்னாளபட்டியில் எங்கள் தெருவில் முதலில் கான்கிரீட் தரை போட்டது நாங்கள்தான். குழியின் அடித்தரைக்கும் போட்டோம். சாணி மெழுகுகிற வேலை ஒழிந்தது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐப்பசி மழை அந்தச் சந்தோஷத்தை நீடிக்க விடவில்லை. தரை வேர்த்தது. துடைத்த துணியைப் பிழிந்து காயப்போடுவதற்குள் திரும்பவும் வேர்த்தது. பாயில் பூசணம் பிடித்தது. குழியில் ஈரம் கசிந்து நின்றது. பொழுதெல்லாம் அதில் காலை வைத்திருந்த என் வீட்டுக்காரருக்குப் பாதம் ஊறி வெளுத்து, முட்டி வீங்கியது. எழுந்து வர என் தோள் வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

துடைத்துத் துடைத்து எனக்கு வாழ்க்கையே அலுத்துவிட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். சித்திரை வெயிலில் தரையை நன்றாகக் காயவிட்டு, ரோட்டுக்குப் போடுகிற தாரைக் காய்ச்சி ஊற்றி, மணல் தூவி, மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் ஏறாது என்றார். குழிக்கும் சேர்த்துப் பூசச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மட்டும் இழுத்தார்.

"குழிய விட்ருவோமா? நூலுக்குச் செத்த ஈரம் வேணும்ல."

"அப்ப உங்க காலுக்கு?" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற பாவு நூல் உலர்ந்தால் அறும் என்பதை நெசவு வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். அந்த முட்டியைப் பார்த்துப் பார்த்து, தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

தறியைக் கழற்றி வைத்தோம். பதினைந்து நாள் வேலை கெட்டது. தார்ப்புகையில் கண் எரிந்தது, குழம்பெல்லாம் தார் மணத்தது, என் நகத்துக்குள் ஏறிய கறுப்பு மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. ஆனால் தரை அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடந்தது. வைகாசி முடிவதற்குள் வீக்கம் வடிந்தது. யாரையும் கூப்பிடாமல் அவராகவே குழியிலிருந்து எழுந்து வந்து தண்ணீர் மோந்து குடித்த அன்றைக்கு, ஊரையே ஜெயித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியதும் இழை அற ஆரம்பித்தது. ஒன்றை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் இரண்டு அறுந்திருக்கும். மூன்று நாளில் இறங்குகிற சேலை பத்து நாளாகியும் தறியிலேயே இருந்தது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். குழியில் தண்ணீர் தெளித்தேன். தெளித்ததுமே அவர் கால் வழுக்கியது, மத்தியானத்துக்குள் அதுவும் காய்ந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது ஆறியிருப்பேன்.

ஒருநாள் காலை, ஊடு நூலை ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தார்.

"இந்தா, அந்தக் கடப்பாரைய எடு."

எதற்கென்று நான் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். பாவைச் சுருட்டி ஒதுக்கிவிட்டுக் குழிக்குள் இறங்கி, அடித்தரையை மட்டும் கொத்தினார். சிமெண்ட், தார், பழைய கான்கிரீட், எல்லாவற்றையும் தாண்டி ஈர மண் வந்தது. உடைந்த சில்லையெல்லாம் நான்தான் கூடையில் அள்ளி வெளியே கொட்டினேன். பிறகு அவர் உட்கார்ந்து, அந்த மண்ணில் பாதத்தை வைத்தார். நாலைந்து நாளில் நூல் பதப்பட்டுவிட்டது. அறுவது நின்றது. நாடா ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் அழுதேன்.

அறையின் மற்ற இடமெல்லாம் கடைசிவரை காய்ந்தே இருந்தது. மழைக்காலத்தில்கூட நான் காலை நீட்டி அதில் சுகமாகப் படுத்தேன். அந்த ஐப்பசியில் அவருக்குத் திரும்பவும் முட்டி வீங்கியது. சாயங்காலம் தறியை நிறுத்தியதும் அவர் என்னைக் கூப்பிடமாட்டார். நானாகவே போய்க் குனிந்து தோளைக் கொடுப்பேன்.