யாரும் எழுந்திருக்காத மீட்டிங்

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு அதிசயம். மீட்டிங்குக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள்!

பெரம்பலூரில் எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். சொன்னால் ஜீப் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். நான் அங்கே தினக்கூலி டிரைவர். பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்டவன்.

விஷயம் இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் மனு போட்டுத் தகவல் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கென்று ஆபீஸில் ஒரு தகவல் அலுவலர். யாரைப் போடலாம்? ஊழியர்களிடம் கருத்துக் கேளுங்கள் என்று மேலேயிருந்து உத்தரவு.

கருத்தா? வேண்டாத வேலைக்கு ஆள் பிடிக்க எங்கள் ஆபீஸில் ஒரே வழிதான். மீட்டிங்கில் யார் இல்லையோ, அவர் பெயரை எழுதிவிடுவார்கள். எலெக்‌ஷன் டியூட்டி, கொடிநாள் வசூல் — எல்லாம் பாத்ரூம் போனவர் தலையில்தான். சட்டம் போடுவது டெல்லி. ஆளைப் போடுவது பாத்ரூம் கதவு.

அதனால்தான் அன்று ஃபுல் அட்டெண்டன்ஸ். மெடிக்கல் லீவில் இருந்த டைப்பிஸ்ட் அக்காகூட காலில் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

டீ கொண்டுபோய் வைத்தேன். யாரும் தொடவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டி வருமே!

இரண்டு மணி... மூன்று மணி... ஒருவரும் அசையவில்லை.

பாவம், கிளார்க் அன்பழகன் அண்ணன். முப்பத்தாறு வயது. ஐந்து இடம் தட்டிப்போய், அன்று மீன்சுருட்டியில் ஆறாவது பெண் பார்க்கப் போக வேண்டும். மூன்றரை பஸ்ஸை விட்டால் போய்ச் சேர இருட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே பூவும் பழமுமாக அவர் அம்மா.

"டேய் அன்பு, கெளம்புடா! பொண்ணு வூட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க."

"எழுந்திரிச்சா எம் பேரை எழுதிடுவாங்கம்மா."

"எழுதட்டுமே! கல்யாணப் பத்திரிகையிலதான் எழுத மாட்டேங்குறாங்க, இதுலயாவது எழுதட்டும்!"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "அண்ணே, பொண்ண இங்க கூட்டியாரச் சொல்லட்டா? ஆபீஸே பாத்து கருத்து சொல்லிடும்."

முறைத்தார்.

மூன்று இருபது. பக்கத்து ரூமில் போன் அடித்தது. கலெக்டர் ஆபீஸாம். ஆபீசர் பழக்கதோஷத்தில் எழுந்து ஓடினார். அவ்வளவுதான்!

ஹெட்கிளார்க் அம்மா பேனாவைத் திறந்தார். "சாரையே போட்டுரலாமா?"

இருந்த கையெல்லாம் மேலே போனது. மாவுக்கட்டுக் காலும் கொஞ்சம் எழும்பியது.

ஆபீசர் திரும்பி வந்தபோது தீர்மானத்தில் கையெழுத்துகூடக் காய்ந்துவிட்டது.

"யோவ், இந்த மீட்டிங்கப் போட்டதே நான்தான்யா!"

"அதான் சார்... நீங்க இல்லியே" என்றார் ஹெட்கிளார்க் அம்மா, ரொம்பப் பணிவாக.

இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அவர்தான்.

அன்பு அண்ணனையும் அம்மாவையும் ஜீப்பில் அள்ளிப் போட்டுப் பறந்தேன். நாலு ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டேன். (ஜீப் ஏன் அங்கே போனது என்று யாரும் மனு போட்டுவிடாதீர்கள்!)

பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும், "ஏன் தம்பி லேட்டு?" என்றிருக்கிறார். இவர் பஸ் லேட்டு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பந்தா விடுமா?

"புதுச் சட்டங்க மாமா. எங்ககிட்ட கருத்து கேட்டாங்க. இனிமே யாரு மனு போட்டாலும் முப்பது நாள்ல பதில் சொல்லியாவணும்."

மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாராம்.

போன வாரம் எங்கள் ஆபீஸுக்கு முதல் மனு வந்தது. மீன்சுருட்டியிலிருந்து! 'அன்பழகன் என்பவர் தங்கள் அலுவலகத்தில் நிரந்தரப் பணியில் உள்ளாரா? வேலைக்கு ஒழுங்காக வருகிறாரா? பதில் கண்ட பிறகே தட்டு மாற்ற உத்தேசம்.'

ஆபீசர் மூன்று முறை படித்தார். மனுவின் மேல் பேப்பர் வெயிட்டை எடுத்து வைத்தார்.

"முப்பது நாளு இருக்குல்ல... பாப்போம்."

இன்றோடு எட்டு நாள். ஆபீசருக்கு டீ வாங்கி வருவது இப்போதெல்லாம் நான் இல்லை. அன்பு அண்ணன்தான்!